எஞ்சின் சத்தமா, கறளா: பழைய எம்எக்ஸ்-5 வாங்கும்போது எதைப் பெரிதாக எடுப்பது

கொழும்பில் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 (துணிக்கூரை கொண்ட இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று விலைக்கு வந்தால், பொனட்டைத் திறக்குமுன் காரின் அடியைப் பாருங்கள். எஞ்சினைக் கழற்றி வேறொன்று போடலாம். இந்தக் காருக்குத் தனிச் சேசி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. பாரத்தைத் தாங்குவது தகட்டு உடல்தான். மேலே நிலையான கூரையும் இல்லாததால், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் (sill) என்ற தகட்டுப் பெட்டி பலமாக இருந்தே ஆகவேண்டும்.

1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறையில் கறள் பிடிப்பது பெரும்பாலும் சில்லின் பின்முனையில், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னே. துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள இரண்டு வடிகுழாய்கள் வழியாகக் கீழிறங்கும். இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் சில்லுக்குள் தங்கிவிடும். கறள் உள்ளிருந்து வெளியே வருவதால், பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்தகடு பெரும்பாலும் ஓட்டையாகியிருக்கும். வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்கரையோரம் நின்ற காரென்றால் உப்புக்காற்றும் சேர்ந்திருக்கும். இன்னும் கவனம் தேவை.

கூரையைத் திறந்து, ஒவ்வொரு பக்க மூலையிலும் அரை லீற்றர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பின்சக்கரத்துக்கு முன்னே தாரையாகக் கீழே ஒழுகவேண்டும். சொட்டாக வந்தாலோ கார்பெட் நனைந்தாலோ சில்லைச் சந்தேகியுங்கள். மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தைக் கதவில் ஒட்டிப் பார்த்து, பிறகு சில்லின் மேல் நகர்த்துங்கள். கதவில் பிடித்தது அங்கே வழுக்கினால், உள்ளே ஓட்டையை மறைக்கப் பூசிய தடித்த புட்டி. அந்த இடத்தில் மட்டும் புதுக் கறுப்புப் பூச்சு இருந்தாலும் அதே சந்தேகம்தான். சஸ்பென்ஷன் கைகளிலும் சைலன்சரிலும் மேலோட்டமாகத் தெரியும் பழுப்பு நிறத்துக்குப் பயப்படவேண்டாம்.

எஞ்சின் குறைகளில் பல விலை பேசித் தீர்ப்பவை. வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை 100,000 கிலோமீற்றருக்குள் மாற்றவேண்டும், 1.6 லீற்றர் எஞ்சினில் அது அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது. வால்வைத் தள்ளும் டப்பெட் டிக்டிக் என்றால், நல்ல எண்ணெய் மாற்றினாலே பலமுறை அடங்கும். கிளச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகுவது வழமை, சின்ன வேலை. இதற்கான சாமான்களைப் பஞ்சிகாவத்தையில் விசாரித்து, விலையைக் கழித்துப் பேசுங்கள்.

ஒன்றில் மட்டும் கண்ணாயிருங்கள்: தொடக்கக்கால 1.6 எஞ்சினில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் முன்முனை குட்டை. அந்த முனையில் பூட்டிய, பெல்ட் ஓடும் கப்பியில் (pulley) 4 வெட்டுகள் இருந்தால் அந்த வகை, பிந்தியதில் 8. எஞ்சின் ஓடும்போது கப்பி ஆடினால் முனை தேய்ந்திருக்கலாம். வேறு எஞ்சினின் விலையைக் கணக்கில் சேருங்கள். சில் சுத்தமென்றால் அப்போதும் வாங்கலாம்.

வெளித்தகடு மட்டும் போயிருந்தால், வெட்டி எடுத்துப் புதுத்தகடு வெல்டிங் செய்து, உள்ளே மெழுகு அடிக்கவேண்டும். கறளின் மேலேயே தகடு ஒட்டினால், வெல்டிங் சூட்டில் உட்புறப் பெயின்ட் எரிந்து அங்கிருந்தே மறுபடி தொடங்கும். உள்தகடும் போயிருந்தாலோ, ஜாக் போட்டுத் தூக்கிப் பார்க்க விற்பவர் விடாவிட்டாலோ, அந்தக் காரை விட்டுவிடுங்கள்.