பிரேக் தூசியும் சாட்சிக் கூண்டும்: ஆஸ்பெஸ்டாஸ் வழக்குகள் சறுக்கும் இடங்கள்

கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கி வரும் லாரியின் பிரேக் கருகும் வாடை மலைக்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஊட்டி, குன்னூர் ஒர்க்‌ஷாப்புகளுக்குச் சோறு போட்டதே அந்தத் தேய்மானம்தான். டிரம்மைக் கழற்றி, உள்ளே படிந்த தூசியை ஏர் அடித்து ஊதிவிட்டு, புது லைனிங்கை அரம் போட்டுத் தேய்த்துப் பொருத்துவார்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் என்ற இழைக் கனிமம் கலந்திருந்தது. 30 வருடம் கழித்து அந்த மெக்கானிக்குக்கு மூச்சு வாங்கினால், "எல்லாம் அந்தத் தூசிதான்" என்று முடித்துவிடுகிறோம். நஷ்டஈட்டு மனு அங்கேயே சறுக்கத் தொடங்குகிறது.

ஆஸ்பெஸ்டாஸ் புற்றுநோய் தருமா என்பது ஒரு கேள்வி. இவருக்கு வந்த நோய் அதனால்தானா என்பது வேறு. முதல் கேள்வியில் தகராறு குறைவு. வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் உட்பட எல்லா வகையுமே மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. சண்டை முழுக்க இரண்டாவதில்தான். அமெரிக்காவின் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்த போர்க்-வார்னர் வழக்கும், அந்த நிறுவனத்தின் மீது ஒரு பிரேக் மெக்கானிக் போட்டதே. லைனிங்கைத் தேய்த்தால் இழை பறக்கும் என்றார் நிபுணர். சரி, இவர் சுவாசித்தது தோராயமாக எவ்வளவு, நோய் வர அது போதுமா என்று கேட்டது நீதிமன்றம். அதற்குப் பதில் இல்லை. கீழ்க்கோர்ட்டில் ஜெயித்த தொகை கைவிட்டுப் போனது.

எனக்கு இந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு இல்லை. அந்தக் காலத்து ஒர்க்‌ஷாப்பில் யார் கருவி வைத்து அளந்தார்கள்? ஆனால் எதிர்த்தரப்பு சும்மா வராது. மெக்கானிக்குகளிடம் மீசோதெலியோமா (நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் புற்றுநோய்) கூடுதலாக இல்லை என்று காட்டும் ஆய்வுகளைக் கொண்டுவரும். பிரேக் சூட்டில் இழையின் பெரும்பகுதி வேறு கனிமமாக மாறிவிடும் என்றும் சொல்லும். அதுவும் பொய்யில்லை. ஆனால் அரத்தடியில் வரும் புது லைனிங் சூட்டைப் பார்த்ததே கிடையாது! அதனால் "பிரேக் வேலை பார்த்தேன்" என்று ஒற்றை வரியில் மனு எழுதாதீர்கள். வாரத்துக்கு எத்தனை வண்டி, அரமா கிரைண்டரா, ஏர் அடித்தது யார், ஊட்டிக் குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை நடந்ததா என்பதெல்லாம் இருந்தால்தான் நிபுணரால் ஒரு கணக்குக்கு வர முடியும்.

ஒரே எக்ஸ்ரேயை நம்பிப் போகிறவர்களும் உண்டு. 2004இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், வழக்குகளில் காட்டப்பட்ட 492 எக்ஸ்ரேக்களை மறுபடி படிக்கக் கொடுத்தார்கள். வாதித் தரப்பு அமர்த்தியவர்கள் 95.9 சதவீதப் படங்களில் நுரையீரல் மாற்றம் கண்டிருந்தார்கள். வேறு மருத்துவர்கள் கண்டது 4.5 சதவீதத்தில். நம் பக்கம் தலைகீழ்த் தவறு: படத்தில் நிழல் தெரிந்தாலே டிபி மாத்திரை. சளிப் பரிசோதனை, சிடி ஸ்கேன், மூச்சுத்திறன் சோதனை எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 39ஆம் பிரிவின்படி (பழைய சட்டத்தில் 45) நிபுணர் தருவது கருத்துதான். காரணம் சொல்லாத சான்றிதழுக்கு எடை கிடையாது.

அப்புறம், பீடி. கேஸ் கெட்டுவிடும் என்று மறைப்பார்கள். குறுக்கு விசாரணையில் வெளியே வந்தால் மற்ற சாட்சியமும் சேர்ந்து விழும். 1979இல் வெளியான அமெரிக்கக் கணக்கில் நுரையீரல் புற்றுநோய் அபாயம் ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் என்றால் சுமார் 5 மடங்கு, புகை மட்டும் என்றால் சுமார் 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 50 மடங்குக்கு மேல். பிந்தைய ஆய்வுகளில் எண்கள் மாறினாலும், பீடி பிடித்தவருக்கும் வழக்கு உண்டு. மீசோதெலியோமாவுக்கோ புகைப்பழக்கத்தோடு தொடர்பே இல்லை.

எஸ்டேட் லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மட்டும் காட்டி வழக்குப் போடுவதும் நிற்காது. உடையாத ஷீட் அவ்வளவு இழை விடாது. அதை அறுத்தவர், துளை போட்டவர், கம்பி பிரஷ்ஷால் பாசி தேய்த்தவர் கதை வேறு.

ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகள் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் 1995இல் உத்தரவிட்டது. மலையோரத் தகர ஷெட்டில் பதிவேட்டுக்கு எங்கே போவது? லைனிங் வாங்கிய பழைய பில் புத்தகமும், பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவரின் வாக்குமூலமும்தான் கதி. அவரும் அதே தூசியைச் சுவாசித்தவர். அவரிடம் எழுதி வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள்.