சாஸா பணத்தைப் பற்றிப் பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த் கடைவீதிப் பக்கம் மாதத் தொடக்கத்தில் போனால் சூப்பர்மார்க்கெட் வாசலிலும் ஏ.டி.எம். முன்னாலும் வரிசை நீண்டு கிடக்கும். பென்ஷன் நாள். சாஸா என்ற அரசு சமூகப் பாதுகாப்பு முகமை மாதாந்திர உதவித்தொகை கொடுக்கும் நாள். தடியூன்றிய ஆயாக்கள், முதுகில் பிள்ளையைக் கட்டிய சுலு பெண்கள், சக்கர நாற்காலியில் ஒருவர். அந்த வரிசையைக் கடந்து போகும் காரில் நம்மவர் ஒருவர், "நம்ம வரிப்பணம் எங்கே போகுது பாருங்க" என்பார். உடன் இருப்பவர்கள் ஆமாம் போடுவார்கள்.

சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு சாஸா மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். அந்த மேசையில் உட்கார்ந்து நான் கேட்ட பேச்சுகளில் பல தவறானவை. சில, பேசுகிறவருக்கே கேடு செய்பவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எண்ணிக்கையில் வரும் குழப்பம்

"வரி கட்டுகிறவர்களைவிட உதவித்தொகை வாங்குகிறவர்கள் அதிகம், நாடு எப்படி உருப்படும்?" கலியாண வீட்டுப் பந்தியிலும் கருமாதி வீட்டிலும் இந்தக் கேள்வி வந்துவிடும். வருமான வரியை மட்டும் வைத்து எண்ணைப் பார்த்தால் உண்மைதான். 2020-இல் வந்த வேலையில்லாதோர் உதவியைத் தவிர்த்தாலே, சுமார் 1 கோடியே 90 லட்சம் உதவித்தொகைகள் மாதாமாதம் போகின்றன. ஆனால் அவற்றில் ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் குழந்தைகளுக்கானவை. மூன்று பிள்ளைகள் உள்ள தாய் கையில் வாங்குவது கணக்கில் மூன்றாக விழும். இன்னும் சுமார் 40 லட்சம் முதியோருடையவை. ஆறு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுக் கிழவியும் வருமான வரி கட்டவில்லை என்று வருத்தப்படுவதில் என்ன பொருள் இருக்கிறது?

தொகையையும் தெரிந்துகொண்டு பேச வேண்டும். 2025 ஏப்ரலில் ஒரு பிள்ளைக்கு மாதம் 560 ராண்ட் ஆனது. ஒருவர் உயிர் வாழத் தேவையான உணவுக்கே மாதம் 796 ராண்ட் வேண்டும் என்று அரசின் புள்ளியியல் துறை 2024-இல் சொன்னது. அந்தப் பிள்ளையின் பணம் அதன் சோற்றுக்கே பற்றாது. அரசு தன் கடனுக்குக் கட்டும் வட்டி இந்த எல்லா உதவித்தொகையையும் சேர்த்தாலும் அதைவிடப் பெரிய தொகை. அதைப் பற்றிப் பந்தியில் யாரும் கோபப்பட்டு நான் கேட்டதில்லை. வட்டி எந்த வாசலிலும் வரிசையில் நிற்பதில்லையே.

"அவர்கள் வரி கட்டுவதில்லை"

கட்டுகிறார்கள். பழுப்பு ரொட்டி, மீலி மீல் என்ற மக்காச்சோள மாவு, அரிசி, பருப்பு, முட்டை, பால் போன்ற சிலவற்றுக்கு வாட் என்ற விற்பனை வரி கிடையாது. சோப்பு, தேயிலை, சர்க்கரை, கோழி, கரண்ட், போனுக்குப் போடும் ஏர்டைம் எல்லாவற்றுக்கும் 15 சதவீதம் உண்டு. சாஸா அட்டையில் வந்த பணத்தில் சோப்பு வாங்கினாலும் நான் கட்டும் அதே வாட்தான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு கட்டுகிறவருக்கு அரசு வருமான வரியில் கழிவு தருகிறது. 2023 மார்ச்சில் அது மாதம் 364 ராண்ட் ஆக இருந்தது. உடன் சேர்த்த முதல் ஆளுக்கு இன்னொரு 364. அதே சமயத்தில் வேலையில்லாத இளைஞனுக்குக் கிடைத்தது 350. ஓய்வுக்காலச் சேமிப்புக்கு 2025-இல் ஆண்டுக்கு 3,50,000 ராண்ட் வரை வரி விலக்குக் கேட்க முடிந்தது. இவை எல்லாம் அரசு விட்டுக்கொடுக்கும் பணம், பொதுப்பணம். எனக்கும் கிடைக்கிறது, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் எனக்கு வருவதை "கழிவு" என்றும், அவனுக்கு வருவதை "இலவசம்" என்றும் நான் பேசக்கூடாது.

"கிராண்டுக்காகவே பிள்ளை பெறுகிறார்கள்"

எனக்கு மிகவும் வலிக்கும் பேச்சு இது. படித்தவர்களும் சொல்கிறார்கள், ஆசிரியர்களும் சொல்கிறார்கள். சொல்லும்போது எந்தப் பெண்ணை மனதில் வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

கிராண்ட் என்று அவர்கள் சொல்லும் குழந்தைகளுக்கான உதவித்தொகை 1998 ஏப்ரலில் தொடங்கியது. அப்போது ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மாதம் 100 ராண்ட். அதே 1998-இல் நடந்த மக்கள் நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் சுமார் 16 சதவீதம் பேர் தாயாகியோ கருவுற்றோ இருந்தார்கள். அந்தத் தொகை நிலைபெறுவதற்கு முந்தைய நிலை அது. 2016-இல் மறுபடி எடுத்தபோதும் ஏறத்தாழ அதே 16 சதவீதம். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் வயது வரம்பு 18 வரை உயர்ந்தது, தொகையும் மூன்று மடங்குக்கு மேல் ஆனது. பணம் பிள்ளை பெற வைப்பது உண்மையானால் அந்த எண் எகிறியிருக்க வேண்டும். எகிறவில்லை.

எண்ணை விடுங்கள். நாப்கின், பால்மாவு, பள்ளிச் சீருடை என்று விலை விசாரித்தவர் யாரும் 560 ராண்ட்டுக்கு ஆசைப்பட்டுப் பிள்ளை பெற்றாள் என்று சொல்ல மாட்டார். பதின்வயதுத் தாய்மை பெரிய பிரச்சினைதான், மறுக்கவில்லை. அதற்குக் காரணம் தேட வேண்டிய இடங்கள் பள்ளி, கிளினிக், வீடு, அந்தப் பெண்ணைவிடப் பத்து வயது மூத்த ஆண். பழியை உதவித்தொகையின் மேல் போட்டால் அந்த ஆண் தப்பிவிடுகிறான்.

"நமக்கு யாரும் எதுவும் தரவில்லை"

இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைப் பெருமையோடே சொல்லலாம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து டர்பனில் இறங்கியவர்களுக்குக் கிடைத்தது கரும்புத் தோட்டமும் கங்காணியும்தான். பள்ளிக்கூடங்களைக் கட்ட நம் சனம் காசு சேர்த்தது, அரசு ஒரு பங்கு போட்டது. 1921-இல் ஆரியன் பெனவலென்ட் ஹோம் ஆதரவற்றோருக்காக எழுந்தது. 1928-இல் வந்த முதியோர் பென்ஷன் சட்டம் வெள்ளையருக்கும் கலப்பினத்தவருக்கும் மட்டுமே கொடுத்தது. இந்தியரையும் ஆப்பிரிக்கரையும் வெளியே நிறுத்தியது.

மற்றப் பாதியை நாம் மறந்துவிட்டோம். 1944-இல் அந்தப் பென்ஷன் இந்தியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் நீட்டிக்கப்பட்டது. வெள்ளையருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு, ஆனால் நமக்கு ஆப்பிரிக்கரைவிட அதிகம். இன வேறுபாடு பார்க்காமல் ஒரே தொகை என்று ஆனது 1993-இல்தான். நிறவெறி ஆட்சியில் சொந்த இடங்களிலிருந்து அகற்றப்பட்டு, சாட்ஸ்வொர்த்துக்கு லாரியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட குடும்பங்களில் எத்தனை பாட்டிமார் அந்தப் பணத்தில் பேரப்பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள் என்று அவரவர் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. 1998-க்கு முன்னால் ஸ்டேட் மெயின்டனன்ஸ் கிராண்ட் என்று ஒன்று இருந்தது. கணவன் இறந்த, கைவிட்ட, சிறைக்குப் போன பெண்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் உரியது. 1990 வாக்கில் ஆயிரம் இந்தியப் பிள்ளைகளுக்கு 40 பேர் என்ற அளவில் அது கிடைத்தது. ஆயிரம் ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு 2 பேர். எல்லோருக்கும் அதே அளவு கொடுக்கக் காசு இல்லை என்று, பேராசிரியர் ஃபிரான்சி லண்ட் தலைமையில் அமைந்த குழுவின் 1996 அறிக்கைக்குப் பிறகு அதை நிறுத்திவிட்டு, குறைந்த தொகையைப் பரவலாகக் கொடுக்கும் இன்றைய முறை வந்தது. பழைய முறையில் தாய்க்கு 430, பிள்ளைக்கு 135 ராண்ட் வரை கிடைத்தது. புதியதில் சிறு பிள்ளைக்கு 100 மட்டும், தாய்க்கு ஒன்றும் இல்லை. டர்பனின் பீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் அந்த மாற்றத்தில் அடுப்பு அணைந்த வீடுகள் உண்டு. அந்தக் கோபம் நியாயமானது, இன்றும் சிலர் வாயில் இருக்கிறது. ஆனால் "நாங்கள் அரசுப் பணத்தைத் தொட்டதே இல்லை" என்று சொல்லும்போது, அந்தப் பணத்தில் பிள்ளை வளர்த்த நம் அம்மாக்களையே வீட்டுக் கதையிலிருந்து துடைத்துவிடுகிறோம்.

வெளிநாட்டார் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்பதற்குச் சுருக்கமான பதில்: சாதாரண விசாவிலோ காகிதமே இல்லாமலோ இருப்பவருக்குக் கிடைக்காது. நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கு உரிமை உண்டு என்று 2004-இல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அகதி என்று ஏற்கப்பட்டவர்களும் கேட்கலாம்.

ஏமாற்று நடக்கிறதா? நடக்கிறது. அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டே உதவித்தொகையும் வாங்கியவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள். ஆனால் ஏமாற்றைத் தடுக்க வைத்த சல்லடை தகுதியானவரையும் தள்ளுகிறது. 2024-இல் 370 ராண்ட் ஆன வேலையில்லாதோர் உதவிக்கு மனுச் செய்தவரின் வங்கிக் கணக்கில் அந்த மாதம் 624 ராண்ட்டுக்கு மேல் விழுந்தால் மனு தள்ளுபடி. அக்கா மருந்துக்கு என்று அனுப்பிய பணமும் வருமானமாக எண்ணப்பட்டது. இப்படிப்பட்ட விதிகள் சாசனத்துக்கு முரண் என்று 2025 ஜனவரியில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் சொன்னது. அரசு மேல்முறையீடு செய்தது.

கடைசியாக, நம் வீட்டுப் பெரியவர்கள்

மேசையில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான், மேலே சொன்ன பேச்சுகள் எல்லாம் வந்து முடியும் இடமும் இதுதான். "பிச்சை எடுக்கிற மாதிரி இருக்கு தம்பி, நம்ம மரியாதை என்ன ஆகுறது?" சாஸா வரிசையைப் பார்த்து நாற்பது வருடம் ஏளனமாகப் பேசிய வீட்டில், அறுபது வயதானதும் அந்த வரிசையில் போய் நிற்கக் கால் வருவதில்லை. அறுபத்தேழு வயதில் ஓர் ஆயா வந்தார். ஏழு வருடம் மகன் கையை எதிர்பார்த்துக் காலம் தள்ளியிருக்கிறார். முதியோர் உதவித்தொகை மனுக் கொடுத்த நாளிலிருந்துதான் கணக்கு. அதற்கு முன்னால் விட்ட 84 மாதங்களுக்கு ஒரு செண்ட்டும் திரும்ப வராது.

சிலர் பயத்தால் வருவதில்லை. வீடு சொந்தமாக இருந்தால் தரமாட்டார்கள் என்ற பயம், அரசு வீட்டை எடுத்துக்கொள்ளும் என்ற பயம். குடியிருக்கும் வீடு சொத்துக் கணக்கில் சேராது, யாரும் அதை எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். பிள்ளைகள் சம்பாதிக்கிறார்களே என்ற தயக்கமும் வேண்டாம். பார்ப்பது மனுதாரர், அவர் கணவன் அல்லது மனைவி இருவரின் வருமானத்தை மட்டுமே. படுக்கையில் விழுந்து எப்போதும் ஆள் உடனிருக்க வேண்டிய நிலை வந்தால், பென்ஷனோடு சேர்த்து கிராண்ட்-இன்-எய்ட் என்று இன்னொன்றும் கேட்கலாம். அதுவும் 2025-இல் 560 ராண்ட். மேசைக்கு வருபவர்களில் அதைக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலரே.

அட்டையையும் ரகசிய எண்ணையும் வட்டிக்காரரிடம் அடகு வைக்காதீர்கள். சுலுவில் மஷோனிசா என்பார்கள், நம் தெருவிலும் இருக்கிறார்கள். அட்டையைப் பிடித்து வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். போகும்போது அடையாள அட்டை, மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், வீட்டு முகவரிச் சான்று, கலியாணச் சான்றிதழ் அல்லது துணைவரின் இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். சந்தேகம் இருந்தால் 0800 60 10 11 என்ற இலவச எண்ணில் சாஸாவையே கேட்கலாம். மனுவுக்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கிறவரிடம் உங்கள் காகிதத்தைக் கொடுக்காதீர்கள்.