பிலிப்பினோவையும் லித்துவேனியத்தையும் ஒப்பிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடவுளுக்கு லித்துவேனிய மொழியில் 'தியேவஸ்' என்று பெயர். பிலிப்பைன்ஸின் தேசிய மொழியான பிலிப்பினோவில் கடவுள் 'தியோஸ்'. மலையிலும் காட்டிலும் உறையும் தெய்வப் பெண் 'திவாத்தா'. மூன்றையும் அடுத்தடுத்து எழுதிப் பார்க்கும் தமிழருக்குத் தேவனும் தேவதையும் நினைவுக்கு வருவதும், இவ்விரு மொழிகளுக்கும் ஏதோ பழைய உறவு இருக்க வேண்டும் என்று தோன்றுவதும் இயல்பே. ஒப்பிடுவோர் முதலில் சறுக்குவதும் இந்த இடத்தில்தான்.

இங்கே சொற்கள் உறவுடையவை, மொழிகள் உறவற்றவை. இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் பால்டிக் கிளையைச் சேர்ந்த லித்துவேனியம், 'தியேவஸ்' என்பதைத் தன் மூதாதை மொழியிலிருந்து நேராகப் பெற்றது. சமஸ்கிருதத்தின் 'தேவ', இலத்தீனின் 'தேயுஸ்' ஆகியவை அதன் உடன்பிறப்புகள். பிலிப்பினோவோ மலாய், ஹவாய், மடகாஸ்கர் மொழிகள் அடங்கிய ஆஸ்திரோனேசியக் குடும்பத்தது. 'தியோஸ்' 1565 முதல் 1898 வரை ஆண்ட ஸ்பானியர் வழியாகவும், 'திவாத்தா' அதற்கு முன்பே மலாய் வழியாக வந்த சமஸ்கிருதச் சொல்லாகவும் அங்கே குடியேறின. 'தேவன்' என்று நாம் சொல்வதால் தமிழ் இந்தோ-ஐரோப்பிய மொழி ஆகிவிடாதது போலத்தான் இதுவும்.

ஆகவே சமயச் சொற்களை விட்டு எண்ணுப்பெயர்களை ஒப்பிடலாம் என்பார்கள். அறிவுரை சரியானதே, ஆனால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. லித்துவேனியத்தில் மூன்று 'த்ரீஸ்'. பிலிப்பைன்ஸில் மணி மூன்றைச் சொல்ல 'அலாஸ் த்ரெஸ்' என்பார்கள். பொருத்தம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தால் ஏமாற்றமே, ஏனெனில் மணி சொல்ல அவர்கள் பயன்படுத்துவது ஸ்பானிய எண்கள். சொந்த எண் 'தத்லோ'. அதன் உறவினர் மடகாஸ்கரின் 'தெலோ', ஹவாயின் 'கோலு'. உடலுறுப்புப் பெயர்களும் முழுக்க நம்பத்தக்கவை அல்ல: முகத்துக்குப் பிலிப்பினோவில் உள்ள 'முக்கா' சமஸ்கிருதக் கடன்சொல். எந்தச் சொல்லையும் ஒப்பிடும் முன் அது அந்த மொழிக்குள் எப்படி வந்தது என்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. முற்றிலும் தற்செயலான ஒற்றுமைகளும் உண்டு. 'மானோ' என்றால் லித்துவேனியத்தில் 'என்னுடைய'. பிலிப்பைன்ஸில் மூத்தவரின் கையைத் தன் நெற்றியில் ஒற்றி மரியாதை செய்வதன் பெயரும் 'மானோ'தான்; அது கையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது.

ஒரு மொழியின் இலக்கணத்தை அளவுகோலாக்கி மற்றதை அளப்பது இதைவிடப் பெரிய தவறு. லித்துவேனியப் பெயர்ச்சொல் ஏழு வேற்றுமைகளை ஏற்கிறது என்பதைப் படித்துவிட்டு, பெயர்ச்சொல் வடிவம் மாறாத பிலிப்பினோ எளிய மொழி என்று முடிவு செய்வோர் பலர். சுமை இடம் மாறியிருக்கிறதே தவிர, குறையவில்லை. 'பெண் மீன் வாங்கினாள்' என்பது லித்துவேனியத்தில் 'மோத்தெரிஸ் பிர்கோ ஜூவீ'. வாங்கவில்லை என்றால் வினை 'நெபிர்கோ' ஆவதோடு நில்லாமல், மீனும் இரண்டாம் வேற்றுமையை விட்டு ஆறாம் வேற்றுமைக்குப் போய் 'ஜூவியெஸ்' ஆகிவிடும். பிலிப்பினோவில் இந்த வேலையை வினை செய்கிறது. பேச்சு பெண்ணை மையமாகக் கொண்டால் 'புமிலி', மீனை மையமாகக் கொண்டால் 'பினிலி', யாருக்காக வாங்கினாளோ அவரை மையமாகக் கொண்டால் 'இபினிலி'. இரண்டாவதைச் செயப்பாட்டுவினை என்று மொழிபெயர்ப்பது பழைய வழக்கம்; ஆனால் 'மீன் பெண்ணால் வாங்கப்பட்டது' என்ற செயற்கைத்தன்மை அதில் சிறிதும் இல்லை. அன்றாடப் பேச்சில் மிகச் சாதாரணமான வடிவம் அது.

காலத்திலும் இதே எச்சரிக்கை தேவை. பிலிப்பினோ வினை காட்டுவது செயல் முடிந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா, தொடங்கவே இல்லையா என்பதை. 'குமாகாயின்' என்பது 'உண்கிறான்' என்றும், நேற்று என்ற சொல் சேர்ந்தால் 'உண்டுகொண்டிருந்தான்' என்றும் பொருள்படும். அதை நிகழ்காலம் என்று அட்டவணையில் அடைப்பது தவறு. லித்துவேனியத்திலோ காலம் உண்டு, அதிலும் 'உண்டான்' என்பதற்கு 'வால்கே', 'வழக்கமாக உண்பான்' என்று கடந்தகாலப் பழக்கத்தைச் சொல்ல 'வால்கிதாவோ' என இறந்தகாலமே இரண்டு வகைப்படும். தமிழரின் கண்ணுக்கு மட்டும் உடனே படும் ஒன்று: நாம், நாங்கள் என்ற வேறுபாடு பிலிப்பினோவில் 'தாயோ', 'காமி' என்று அப்படியே இருக்கிறது, லித்துவேனியத்தில் இரண்டுக்கும் 'மெஸ்' ஒன்றுதான். இதைக் கொண்டு தமிழுக்கும் பிலிப்பினோவுக்கும் உறவு தேடக் கிளம்பினால் முதல் பத்தியின் தவறே திரும்பி வரும்.

வரலாற்றில் நேரும் பிழைகளும் சில. லித்துவேனியம் ஸ்லாவிய மொழியன்று. இன்றும் வாழும் அதன் நெருங்கிய உறவு மொழி லாத்வியம். 1864 முதல் 1904 வரை ரஷ்யப் பேரரசு இலத்தீன் எழுத்தில் லித்துவேனிய நூல்கள் அச்சிடுவதைத் தடைசெய்து சிரிலிக் எழுத்தைத் திணித்தபோது, கிழக்குப் பிரஷ்யாவில் அச்சான நூல்களை எல்லை தாண்டிக் கடத்தி வந்தவர்களை லித்துவேனியா இன்றும் போற்றுகிறது. லித்துவேனியத்தை 'உலகின் மிகப் பழைய மொழி' என்பதும் சரியன்று. பழைய ஒலிகளையும் விகுதிகளையும் அது வியக்கத்தக்க அளவு காத்திருக்கிறது என்பது வேறு. அதன் முதல் அச்சு நூல் 1547இல்தான் வந்தது. (மொழியின் வயதைப் பற்றிப் பேசும்போது நமக்கும் இந்தச் சபலம் உண்டு.) பிலிப்பினோவுக்கு அடித்தளமான தகலோக் மொழியில் அச்சான நூல் 1593இல் மணிலாவில் வந்தது. இரண்டுமே கிறித்தவ மறைக்கல்வி நூல்கள்.

அந்தத் தகலோக்கும் பிலிப்பினோவும் இருவேறு மொழிகள் என்று கணக்கிட்டு, பேசுவோர் எண்ணிக்கையைக் கூட்டுவது இன்னொரு குழப்பம். 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பு தேசிய மொழி என்று குறிக்கும் பிலிப்பினோ, தகலோக்கை அடித்தளமாகக் கொண்டது. செபுவானோவும் இலோகானோவும்தான் தனி மொழிகள். அவற்றைப் பிலிப்பினோவின் வட்டார வழக்குகள் என்பது பிழை.

தமிழில் எழுதிக்காட்டுவோருக்கு ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. 'பாத்தா' என்று எழுதினால் அது குழந்தையா, பன்றிக்காலா என்று தெரியாது. பிலிப்பினோவில் முதலெழுத்தின் ஒலிப்பு வேறுபாடே இரண்டையும் பிரிக்கிறது. சொல் முதலில் வரும் 'ங' ஒலியை நாம் 'ந' என்று எழுதிவிடுவதால், 'இப்போது' என்று பொருள்படும் 'ஙயோன்' அடையாளம் இழக்கிறது. மூலச் சொல்லை அந்நாட்டு எழுத்தில் குறித்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தே ஒப்பிட வேண்டும்.