காவல் சம்மனசுக்குப் பெயர் வைக்காதீர்கள்

மறைக்கல்வி வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, “எங்க சம்மனசு பேரு ஜூலி, டீச்சர்” என்றது. காவல் சம்மனசு என்றால் நம்மைக் காக்கக் கடவுள் அனுப்பும் வானதூதர். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பிள்ளையை விடுங்கள், பெரியவர்களே பிறந்த தேதியைக் கொடுத்துவிட்டு யூடியூப்பில் காவல் தூதரின் பெயரைத் தேடுகிறார்கள். அங்கே சொல்லப்படும் 72 பெயர்கள் யூத மறைஞான மரபிலிருந்து வந்தவை. நம் திருச்சபைக்கும் அவற்றுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

மிக்கேல், கபிரியேல், இரபேல். விவிலியம் தரும் இந்த மூன்று பெயர்களைத் தவிர வேறு பெயர் சூட்டும் பழக்கத்தை ஊக்குவிக்கக் கூடாது என்று வத்திக்கானின் 2001-ஆம் ஆண்டு பக்திமுயற்சி வழிகாட்டி சொல்கிறது. இது புதுக் கண்டிப்பும் அல்ல. 745-இல் திருத்தந்தை சக்கரியா உரோமையில் கூட்டிய சங்கம், ஊரியேல், இராகுவேல் என்று பெயர் சொல்லி அழைத்த ஒரு செபத்தைக் கண்டித்தது. விவிலியத்தில் சிம்சோனின் அப்பா மனோவாகு தூதரிடம் பெயர் கேட்டபோதும், “என் பெயரை ஏன் கேட்கிறாய்?” என்பதுதான் பதில். பெயர் வைப்பது ஒன்றை நமதாக்கிக்கொள்வது. சம்மனசோ கடவுள் அனுப்பியவர். நம் வீட்டு ஆள் இல்லை.

“அப்போ எப்படிக் கூப்பிடுறது?” என்றது பிள்ளை. சம்மனசேன்னு கூப்பிடு, போதும் என்றேன்.

இன்னொரு தவறைச் சொல்லவே தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் அது துக்க வீட்டில் நடக்கிறது. குழந்தை இறந்தால் “சம்மனசாப் போயிட்டான்” என்போம். திருச்சபைப் போதனைப்படி மனிதர் சம்மனசாக மாறுவதில்லை. சம்மனசுகள் உடலில்லாத, வேறொரு படைப்பு. ஆனால் அழுதுகொண்டிருக்கும் தாயிடம் போய் இதைத் திருத்தாதீர்கள். மறைக்கல்வி வகுப்பில் சொன்னால் போதும்.

கைபேசியில் 11:11 தெரிந்தால் தூதர் செய்தி அனுப்புகிறார் என்பது வெறும் சகுனம் பார்ப்பது. அதேபோல, மிக்கேல் அதிதூதர்தான் எல்லாருக்கும் காவல் தூதர் என்று நினைப்பவர்களும் உண்டு. அவர் திருநாள் செப்டம்பர் 29, காவல் தூதர்கள் திருநாள் அக்டோபர் 2. சரி, அது சின்னக் குழப்பம்.

பெரிய ஆபத்து, ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு “சம்மனசு பார்த்துக்குவார்” என்று வண்டியை முறுக்குவது. “உம்மைக் காக்கும்படி தம் தூதருக்குக் கட்டளையிடுவார்” என்ற 91-ஆம் திருப்பாடல் வரியைக் காட்டி, கோவில் உச்சியிலிருந்து இயேசுவைக் குதிக்கச் சொன்னவன் யார்? மத்தேயு 4-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள், சாத்தான். ஆண்டவர் குதிக்கவில்லை.

விபத்தில் போனவனுடைய சம்மனசு தூங்கிவிட்டாரா என்ற கேள்வியும் இங்கிருந்துதான் முளைக்கிறது. காவல் என்றால் அடிபடாமல் தடுப்பது மட்டும்தான் என்று எடுத்துக்கொள்கிறோம். பாட்டிமார் சொல்லித்தந்த பழைய செபத்தை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். “எனக்குக் காவலாயிருக்கிற சர்வேசுரனுடைய சம்மனசானவரே” என்று தொடங்கும் அதில், முதலில் கேட்பது ஞான வெளிச்சம். காத்து நடத்தும்படி கேட்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.