சுருள்களை நெருக்கினால் வலு ஏன் குறைந்தது?

கிளிநொச்சியில் வீட்டு விறாந்தையில் கம்பித் தொடர்பின்றி ஒன்றிலிருந்து மற்றதற்கு மின்வலுவைக் கடத்த நான் சோதித்த இரு பரிவுச் சுருள்களும் (கொள்ளளவியுடன் சேர்ந்து குறித்த ஒரு மீடிறனில் மிக வலுவாக அலைபவை) தனித்தனியே 100 கிலோஹேர்ட்சுக்கு இசைவாக்கப்பட்டிருந்தும், அவற்றை நெருக்க நெருக்க, ஏற்கும் பக்கத்துத் தடையில் கிடைத்த வலு கூடாமல் குறைந்தது. வவுனியாவிலிருந்து வேறு கொள்ளளவிகளை எடுப்பித்து மாற்றினேன்; தடித்த கம்பியால் மீண்டும் சுற்றினேன்; பயனில்லை. மலிவான மல்டிமீற்றரின் ஆடலோட்ட அளவீடு இத்தகைய உயர் மீடிறன்களில் நம்பத்தக்கதன்று என்பதால், அலைவுகாட்டியில் தடையின் குறுக்கேயுள்ள வோல்ற்றளவின் இடைவர்க்கமூலப் (RMS) பெறுமானத்தைப் பார்த்து, அதன் வர்க்கத்தைத் தடையால் வகுத்தே வலுவைக் கணித்தேன்.

பலர் கவனிக்கத் தவறும் விபரம் அப்போதுதான் வெளிப்பட்டது. தூரத்தை மாற்றாமல் மீடிறனை மட்டும் மெதுவாக நகர்த்தியபோது, ஓர் உச்சத்துக்குப் பதிலாக இரண்டு உச்சங்கள் தோன்றின. 100 கிலோஹேர்ட்ஸ் அவற்றுக்கிடையிலான பள்ளத்தில் இருந்தது. ஒரு சுருளின் காந்தப்புலம் மற்றதை எவ்வளவு இணைக்கிறது என்பதைக் காட்டும் பிணைப்புக் குணகம், சுருள்களை நெருக்கினால் கூடி, உச்சங்களை மேலும் பிரிக்கும். அது 0.2 எனில், இழப்புகள் சிறிதாயின், உச்சங்கள் ஏறத்தாழ 91, 112 கிலோஹேர்ட்சில் அமையும். மீடிறனைக் கீழ் உச்சத்துக்கு இறக்கியதும் வலு மீண்டது. நாட்களை விழுங்கிய சிக்கல் தீர்ந்ததில் பெரும் நிம்மதி. சுருள்களை விலக்கும்போது உச்சங்கள் ஒன்றையொன்று அணுகுவதால் மீடிறனையும் கூடவே உயர்த்த வேண்டும். இரும்பு மேசையில் வைத்தால் இந்த எண்கள் யாவும் இடம்மாறும், மரப்பலகையே உகந்தது.