ஐபிக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

ஓசூரில் மனை வாங்குபவர் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. அதே ஊரிலிருந்து சிப் வடிவமைக்கும் சிறு குழுவோ, பிறரிடம் பெற்று, பழைய திட்டத்தில் நன்றாக வேலை செய்த யூஎஸ்பி கண்ட்ரோலர் வடிவமைப்பைப் புதிய திட்டத்துக்கு நகலெடுக்கும்போது, ஏற்கெனவே பணம் கட்டியதுதானே என்று ஒப்பந்தத்தைத் திறக்காமலே விட்டுவிடுகிறது. இப்படிப் பிறரிடம் உரிமம் பெற்றுச் சிப்பில் சேர்க்கும் ஆயத்த வடிவமைப்புப் பகுதியைத்தான் ஐபி (அறிவுசார் சொத்து) என்கிறோம். கட்டிய பணத்துக்குக் கிடைத்தது, இன்ன சிப்பில், இன்ன இடத்தில், இன்னார் பயன்படுத்தலாம் என்னும் அனுமதி மட்டுமே.

ஆகவே ஒப்பந்தத்தில் முதலில் படிக்க வேண்டியது பயன்பாட்டு எல்லை பற்றிய பிரிவு. உரிமம் ஒரே சிப்புக்கா, பல சிப்புகளுக்கா. பிழை திருத்தி மீண்டும் டேப்-அவுட் செய்தால் (வடிவமைப்பை உற்பத்திக்கு அனுப்பினால்) அது பழைய சிப்பாகவே கருதப்படுமா. ஆர்டிஎல்லை (சிப்பின் செயலை விவரிக்கும் மூலநிரலை) மாற்றி எழுதலாமா என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஹார்டு மேக்ரோ (தளவரைவு வரை முடித்துத் தரப்படும் ஐபி) குறிப்பிட்ட ஃபவுண்டரியின் (சிப் உற்பத்தி ஆலையின்) குறிப்பிட்ட தொழில்நுட்பத்துக்கென்றே செய்யப்படுவதால், வேறு ஃபவுண்டரிக்கு மாறும்போது மேக்ரோவையும் உரிமத்தையும் புதிதாகவே பெற வேண்டியிருக்கும்.

நம் பகுதியினர் இட எல்லையைக் கூடுதல் கவனத்துடன் பார்ப்பது நல்லது. உரிமம் பெங்களூரு அலுவலக முகவரிக்கு அளிக்கப்பட்டிருக்க, பொறியாளர் அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூரில் உள்ள தம் வீட்டிலிருந்து சர்வருக்குள் நுழைந்து வேலை பார்ப்பது அன்றாட வழக்கம். தூரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான் என்றாலும், ஒப்பந்தம் முகவரியையோ சுற்றளவையோ வரையறுத்திருந்தால் அது மீறலாகலாம். ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. அவர்கள் கோப்பைத் திறப்பதற்கு உரிமம் வழங்கியவரின் எழுத்துபூர்வ இசைவு தேவைப்படலாம். இரண்டையும் கையெழுத்திடும் முன்பே பேசிச் சேர்த்துக்கொள்வது எளிது, பின்னர் கேட்டால் செலவு கூடும்.

இலவசமாகக் கிடைப்பவற்றில்தான் பலர் சறுக்குகிறார்கள். ரிஸ்க்-ஃபைவ் என்னும் செயலிக் கட்டளைத் தொகுப்பை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் அதன்படி எழுதப்பட்ட ஒவ்வொரு கோருக்கும் (செயலி வடிவமைப்புக்கும்) தனி உரிமம் இருக்கிறது. சென்னை ஐஐடியின் சக்தி கோர்கள் பிஎஸ்டி என்னும் தளர்வான திறந்த உரிமத்தில் வருவதால், பதிப்புரிமை அறிவிப்பை நீக்காமல் வைத்திருந்தால் பெரும்பாலும் போதும். 2020-இல் வெளியான, ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னின் திறந்த வன்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பிலோ மூன்று வகைகள் உள்ளன. அவற்றுள் 'எஸ்' வகைக் கோரை, விலைகொடுத்துப் பெற்ற இரகசிய ஐபியுடன் ஒரே வடிவமைப்பில் கலந்தால், முன்னதன் உரிமம் மூலத்தை வெளியிடச் சொல்லும், பின்னதன் ஒப்பந்தம் வெளியிடக் கூடாது என்னும். எஃப்பிஜிஏ (வாங்கிய பின் உள்சுற்றை மாற்றியமைக்கத்தக்க சிப்) நிறுவனங்கள் தரும் ஐபி பொதுவாக அந்நிறுவனத்தின் சிப்புகளில் மட்டுமே பயன்படுத்தத்தக்கது என்பதால், மாதிரிக்காகச் சேர்த்த ஃபிஃபோவை (தரவை வரிசையாகத் தேக்கும் பகுதியை) ஏசிக் (குறிப்பிட்ட பயனுக்கெனத் தனியாக உற்பத்தி செய்யும் சிப்) வடிவமைப்புக்குக் கொண்டுபோகும் முன் நீக்கிவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒருவர் நினைவில் வைத்திருக்க இயலாது. ஒவ்வொரு ஐபிக்கும் அதன் பதிப்பு, கோப்புகளின் ஹேஷ் (கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் சுருக்கக் குறி), உரிமத்தின் காலம், ராயல்டி விகிதம், பயன்படுத்தப்பட்ட சிப்புகள் ஆகியவற்றைக் கொண்ட ஒரே பதிவேட்டைப் பராமரித்து, திறந்த கோப்புகளின் தலைப்பில் உரிமத்தைச் சுட்டும் எஸ்பிடிஎக்ஸ் குறியீட்டையும் எழுத வேண்டும். ஐபி நுழையும் நாளிலேயே இதைச் செய்யாவிட்டால் டேப்-அவுட் நெருங்கும் வாரத்தில் நிச்சயம் செய்ய முடியாது. ஃபவுண்டரிக்கு அனுப்பும் ஜிடிஎஸ் தளவரைவுக் கோப்பில் ஐபி அடையாளக் குறி பதிந்திருந்தால் ஃபவுண்டரி அதைப் படித்துவிடும்; ஆதலால் சொல்லாமல் சேர்த்தாலும் மறையாது.

ராயல்டி அறிக்கையை, விற்று அனுப்பிய சிப்புகளின் கணக்குடன் ஒவ்வொரு காலாண்டும் ஒப்பிட்டு, தணிக்கை வந்தால் காட்டும்படி ஆவணங்களைச் சேமிக்க வேண்டும். வெளிநாட்டுக் குழுவுக்கு ஆர்டிஎல் அனுப்பும் முன் இந்தியாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலான ஸ்கோமெட்டையும், ஐபியின் மூலநாட்டு ஏற்றுமதி விதிகளையும் பார்க்க வேண்டும்.

உரிமம் முடிந்ததும், விற்ற சிப்புகளுக்கான பராமரிப்புக்கு ஒப்பந்தம் அனுமதிக்கும் நகல் தவிர மற்றவற்றை, பேக்கப் டிஸ்குகளில் உள்ளவை உட்பட, அழித்து, அதற்கான சான்றைக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.