அரே ஆன்டெனாவில் எலிமென்ட் இடைவெளி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரே ஆன்டெனா என்றால் பல சிறு ஆன்டெனாக்களின் வரிசை; அதில் ஒவ்வொன்றும் ஒரு எலிமென்ட். எலிமென்ட்டுகளுக்குப் போகும் சிக்னலின் ஃபேஸை மாற்றினால், ஆன்டெனா அசையாமலேயே பீம், அதாவது அலை குவிந்து போகும் கற்றை, வேறு திசைக்குத் திரும்பும். இடைவெளியில் மில்லிமீட்டரையும் இன்ச்சையும் குழப்பிக்கொள்வதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒருமுறை அடிபட்டால் தானே சரியாகிவிடும். நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்ததையே இன்று புதிதாக வருபவர்களும் செய்கிறார்கள். அதில் காசையும் மாதங்களையும் சேர்த்து விழுங்குகிற தவறு ஒன்று உண்டு.

பீமைத் திருப்பிப் பார்க்காமல் இடைவெளியை முடிவு செய்வது

எலிமென்ட்டுகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் பீம் கூர்மையாகும், கெயின் (பீமின் திசையில் கிடைக்கும் பலம்) ஏறும். அந்த ஆசையில் 0.8 அலைநீளம் வைத்துவிடுகிறார்கள். பீம் நேராக இருக்கும்வரை சிமுலேஷன் சுத்தமாகவே இருக்கும்.

5.8 கிகாஹெர்ட்ஸில் ஒரு மாணவர் குழு செய்த பேட்ச் அரே (போர்டில் அச்சிட்ட தட்டையான செப்புத் துண்டுகளே எலிமென்ட்டுகள்) அப்படித்தான். அலைநீளம் 51.7 மி.மீ., இடைவெளி 41.4 மி.மீ. பீமை 30 டிகிரிக்குத் திருப்பியதும், எதிர்ப்பக்கம் 48.6 டிகிரியில் இன்னொரு பீம் எழுந்து நின்றது. மெயின் பீமைவிடச் சில டெசிபெல்தான் குறைவு. அதுதான் கிரேட்டிங் லோப். "சார், ஃபேஸ் ஷிஃப்டர் காலிபரேஷன் போயிருச்சு" என்று அதையே நோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு எலிமென்ட்டின் ஃபேஸையும் மாற்றிக்கொடுக்கும் ஃபேஸ் ஷிஃப்டர் மேல் குற்றமே இல்லை. பக்கத்துப் பக்கத்து எலிமென்ட்டுகளுக்கு இடையே வரும் ஃபேஸ் வித்தியாசம், இந்த இரண்டு திசைகளுக்கும் சரியாக 360 டிகிரி தள்ளி விழுகிறது. அரேவுக்கு இரண்டு திசையும் ஒன்றுதான். மென்பொருளில் எதை மாற்றினாலும் தீராது. போர்டையே மறுபடி அடிக்க வேண்டும். இதை ஒவ்வொரு வருடமும் பார்க்கும்போது எரிச்சலாக வருகிறது, ஏனென்றால் கணக்கு ஒரே வரி.

பீமைத் திருப்பப்போகும் உச்சக் கோணத்தின் சைனோடு 1 கூட்டுங்கள். அலைநீளத்தை அதனால் வகுங்கள். இடைவெளி அதற்கும் சற்றுக் குறைவாக இருக்கட்டும். 30 டிகிரிக்கு 0.66 அலைநீளம், 45-க்கு 0.58, 60-க்கு 0.53. அதே எல்லையில் வைத்தால் லோபின் உச்சி 90 டிகிரியில் நிற்கும், அதன் தோள் உள்ளே வந்துவிடும்.

தெரிந்தே மீறுவது வேறு. மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் வைட்ஃபீல்ட் அரே என்ற ரேடியோ தொலைநோக்கியில் ஒரு டைலுக்கு (ஒரு ஆன்டெனாத் தொகுதிக்கு) 16 டைபோல் எலிமென்ட்டுகள், இடைவெளி 1.1 மீட்டர். 136 மெகாஹெர்ட்ஸில் அது அரை அலைநீளம். 300-ஐ நெருங்கும்போது ஒரு முழு அலைநீளத்தையே தாண்டிவிடும். கிரேட்டிங் லோப் வரும் என்று தெரிந்தே, அதைக் கணக்கில் சேர்த்து வானத்தைப் பார்க்கிறார்கள்.

மைய அதிர்வெண்ணில் கணக்குப் போடுவது

பேண்டின் மேல் எல்லையில் போடுங்கள். அலைநீளம் அங்கேதான் குட்டை.

போர்டுக்குள் இருக்கும் அலைநீளத்தை எடுப்பது

போர்டுப் பொருளுக்குள் அலைநீளம் குறைந்துவிடும்; அது எலிமென்ட்டுக்குச் சிக்னல் கொண்டுபோகும் ஃபீட் லைனுக்கு. இடைவெளிக்குக் காற்றில் உள்ள அலைநீளம்.

பயந்துபோய் ரொம்ப நெருக்குவது

0.3 அலைநீளத்துக்கு நெருக்கினால் கிரேட்டிங் லோப் வராது. ஆனால் எலிமென்ட்டுகள் ஒன்றின் பவரை ஒன்று இழுக்கும். பீம் திரும்பும் கோணம் மாற மாற, எலிமென்ட்டின் இம்பீடன்ஸும் (சிக்னலுக்கு அது காட்டும் மின்தடை) நகரும். தனி பேட்ச்சின் எஸ்11-ஐ (கொடுத்த சிக்னலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்ற அளவை) நம்பாதீர்கள். எல்லா எலிமென்ட்டுக்கும் பவர் கொடுத்து, உச்சக் கோணத்துக்குத் திருப்பி வைத்து, ஓரத்தில் உள்ளதையும் நடுவில் உள்ளதையும் தனித்தனியாகப் பாருங்கள்.